என் பௌர்ணமியும் ஊர் பௌர்ணமியும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவோரம், மளிகைக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த தினசரி நாட்காட்டி தொங்குகிறது. அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, ராகு காலம், எமகண்டம், சூலம், அன்றைக்கு எந்த ராசிக்காரர் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்பதுவரை அதில் அச்சடித்திருக்கிறார்கள். காலையில் ஒரு தாளைக் கிழித்தால் எல்லாம் தெரிந்துபோகும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். இனிமேல் நான் எழுதப்போகிற எதற்கும் எந்த அவசியமும் இருக்கவில்லை என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

அமாவாசையைக் கிழித்துப் பார்ப்பது எனக்குக் கௌரவக் குறைவு. நான் கணக்குப் போட்டுப் பார்ப்பவன். 1985-இல் பொறியியல் படிக்கும்போது ஃபோர்ட்ரான் 77-இல் ஒரு நிரல் எழுதினேன். தேதியைக் கொடுத்தால் திதியைச் சொல்லும். பெரிய பிரம்ம வித்தை ஒன்றும் கிடையாது. சூரியனைவிட்டுச் சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. முப்பது திதி முடிந்தால் மறுபடி அமாவாசை. ஒரு சுற்றுக்குச் சராசரியாக 29.530588 நாள். தெரிந்த ஓர் அமாவாசையிலிருந்து இன்றைக்கு எத்தனை நாள் என்று எண்ணி, இந்த எண்ணால் வகுத்து, மீதியைப் பார்த்தால் தீர்ந்தது. அந்த நிரலின் அச்சுப் பிரதி, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தில், வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்து பரணில் ஏறிக்கொண்டது. அதே பரணில் இருந்த எங்கள் கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டது. இதை மோந்துகூடப் பார்க்கவில்லை. கரையானுக்கும் ரசனை உண்டு என்பது என் மனைவியின் கருத்து.

ஓய்வு பெற்ற கையோடு அதைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிக் காட்டினேன். மனைவி மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாள்: “இது ஃபோன்ல வருமாங்க?”

மரியாதைக்குக் கேட்கப்படும் கேள்விகளை ஐந்தாண்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. ஃபோர்ட்ரானை அப்படியே ஃபோனுக்குள் நுழைப்பது கஷ்டம். சி மொழியாக இருந்தால் வழி இருக்கிறது. சின்ன நிரல்தான். கையாலேயே சி-யில் திருப்பி எழுதினால் காபி ஆறுவதற்குள் முடியும் என்றாள் மகள். கம்ப்யூட்டர் படித்தவள், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போதாக்குறைக்கு, ஜிஃபோர்ட்ரான் என்ற இலவசக் கம்பைலரைப் போட்டால் என் மடிக்கணினியிலேயே அந்தப் பழைய நிரல் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஓடும் என்பது எனக்கே தெரியும். தெரிந்ததையெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டால் பிறகு பகல் பொழுதில் நான் எங்கே உட்காருவது? காய்கறி வாங்கப் பையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனவே, ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொரு மொழிக்குத் தானாக மாற்றித்தரும் கருவி ஒன்றை நிறுவப்போவதாக இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தேன். “மோர் போட்டுக்கறீங்களா?” என்றாள் மனைவி.

கருவியின் பெயர் எஃப்2சி. ஃபெல்ட்மன், கே, மைமோன், ஷ்ரையர் என்று நாலு பேர் சேர்ந்து பெல் லேப்ஸில் உருவாக்கி 1990-இல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார்கள். பழசு என்று யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அணிக் கணக்குகளுக்கு உலகமே நம்பியிருக்கிற லேபேக் என்ற ஃபோர்ட்ரான் நூலகம், சிலேபேக் என்ற பெயரில் சி மொழிக்கு வந்தது இந்தக் கருவியின் கையால்தான். பைதானை இணைய உலாவிக்குள்ளேயே ஓடவைக்கும் பையோடைட் திட்டக்காரர்களும், சைபை நூலகத்தில் இருந்த ஃபோர்ட்ரான் பகுதிகளைக் கரையேற்ற இந்தக் கிழத்தைத்தான் தேடிப் பிடித்தார்கள். “லேபேக்குக்கு என்ன கருவியோ அதேதான் எனக்கும்” என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “யாரு, உங்ககூட வேலை பார்த்தவரா?” என்றாள்.

என் மடிக்கணினியில் இருப்பது விண்டோஸ். அதற்குள் ஒரு லினக்ஸைக் குடிவைத்தேன். அதுவரை சுமுகம்தான். “அப்பா, ‘ஆப்ட் இன்ஸ்டால்’னு ஒரே வரி அடிச்சா எஃப்2சி வந்துடும்” என்றாள் மகள். ஒரே வரியில் வந்துவிடுகிற பொருளுக்காகவா நான் மேஜையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, யாரும் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன்? மூல நிரலை இறக்கி நானே கட்டப்போகிறேன் என்றேன்.

மூல நிரல் நெட்லிப் என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. நெட்லிப்பும் என் திதி நிரலும் ஒரே வயது. அதுவும் 1985-இல் தொடங்கியதுதான். அந்தக் காலத்தில் ‘இன்னது அனுப்பு’ என்று மின்னஞ்சல் போட்டால் ஆள் தலையீடே இல்லாமல் நிரல் பதில் அஞ்சலில் வந்து சேருமாம். அது உலகத்துக்கே கணித நிரல் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் என் நிரல் பரணில் இருந்தது. சரி, அது போகட்டும். இறக்கிய பொட்டலத்தைப் பிரித்தால் மேக்ஃபைல் என்று ஒரு கோப்பு வகைவகையாக இருந்தது. யூனிக்ஸ்காரர்களுக்கு உரியதை எடுத்துப் பெயர் மாற்றி, ‘மேக்’ என்று அடித்தால் கருவி தானே கட்டிக்கொள்ளும். அப்படியே அடித்திருக்கலாம். கோப்பைத் திறந்து கம்பைலரின் பெயரை மட்டும் எனக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சேமித்தேன்.

‘மிஸ்ஸிங் செப்பரேட்டர். ஸ்டாப்.’

இந்த இடத்தில் ஒரு சரித்திரம் சொல்ல வேண்டும். மேக் என்ற நிரலை 1976-இல் எழுதியவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். மேலே சொன்ன நால்வரில் முதல்வர் இவரேதான். மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது அவர் வைத்த விதி. இது சங்கடம் தரும் என்று சீக்கிரமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று விட்டுவிட்டாராம். அந்த டஜன் பேர் மீது அவர் வைத்த கரிசனத்தை உலகம் இன்றுவரை கட்டிக் காப்பாற்றுகிறது. மேக்கை எழுதியதற்காக 2003-இல் அவருக்கு ஏசிஎம் அமைப்பின் விருதும் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். என் எடிட்டரோ டேபைக் கண்டால் அதை எடுத்துவிட்டு, கேட்காமலே இடைவெளிகளைப் போட்டு நிரப்பும் நல்ல மனசுக்கார எடிட்டர். திரையில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன், திரையோடு மூக்கை ஒட்டிப் பார்த்தேன். பின்னால் வந்து நின்ற மனைவி கொஞ்ச நேரம் கவனித்துவிட்டுக் கேட்டாள்: “ஏங்க, எல்லாரும் எழுதியிருக்கிற இடத்தைப் படிப்பாங்க. நீங்க ஏன் ஒண்ணுமே எழுதாத இடத்தையே பாத்துட்டு இருக்கீங்க?”

ஒருவழியாகக் கருவி எழுந்து நின்றது. இனி நிரலைத் தட்டச்சு செய்து உள்ளே கொடுக்க வேண்டும்.

ஃபோர்ட்ரான் 77-இல் எதை எழுதுகிறோம் என்பதைவிட எங்கே எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். அது துளை அட்டைக் காலத்துச் சம்பிரதாயம். முதல் கட்டத்தில் சி என்ற எழுத்து வந்தால் அந்த வரி வெறும் குறிப்பு. ஆறாம் கட்டத்தில் ஏதாவது இருந்தால் முந்தின வரியின் தொடர்ச்சி. ஏழிலிருந்து 72 வரைதான் கட்டளை. அட்டையில் 80 கட்டம் உண்டு. ஆனால் ஃபோர்ட்ரான் முதலில் பிறந்த 704 என்ற கணினியின் அட்டைப் படிப்பான் ஒரு வரிசையை இரண்டு 36 பிட் சொற்களாக வாங்கிக்கொள்ளும். ஆக, 72 கட்டத்துக்குமேல் அதன் கண்ணில் படாது. 1954-இல் வந்த அந்தக் கணினி எந்த அருங்காட்சியகத்தில் இருந்தாலும் அதன் கட்டுப்பாடு மட்டும் மொழியில் தங்கிவிட்டது. 72-க்கு அப்பால் எழுதியதைக் கேள்வி கேட்காமல், முகம்கூடச் சுளிக்காமல், இல்லை என்று வைத்துக்கொள்வார்கள்.

நான் ‘கால் திதி’ என்று துணைநிரலை அழைக்கும் வரியை இடது ஓரத்திலேயே அடித்துவிட்டேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் சி-யில்தானே தொடங்குகிறது? முதல் கட்டத்தில் சி. எஃப்2சி அதைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டது. இந்தக் கருவி குறிப்புகளைத் தூக்கி எறிவதில்லை. சி மொழிக் கோப்பிலும் பத்திரமாக வைத்துத்தரும். என் நிரலில் உருப்படியாக ஒரு வேலை நடக்க வேண்டிய ஒரே வரி, அழகான குறிப்பாக அங்கே வீற்றிருந்தது. நிரல் ஓடியது. ஒன்றும் சொல்லாமல் முடிந்தது. இன்று நிறைந்த மௌன நாள் போலிருக்கிறது என்றாள் மகள்.

அவள்தான் பிறகு அந்த சி கோப்பை முழுக்கப் படித்துப் பார்த்தாள். கட்டளை எண் பத்து, இருபது என்று நான் போட்டிருந்ததெல்லாம் எல்10, எல்20 என்று உருமாறி, எல்லா ‘கோட்டு’வும் அப்படியே குதித்துக்கொண்டிருந்தன. ஃபோர்ட்ரானில் எதையும் முகவரியாகத்தான் கைமாற்றுவார்கள் என்பதால், வெறும் ஒன்று என்ற எண்ணைக் கொடுக்கக்கூட அதற்கு சி__1 என்று பெயர் சூட்டி, நிலையான இருப்பிடம் ஒதுக்கி, அந்த முகவரியை அனுப்பியிருந்தது கருவி. துணைநிரல்களின் பெயருக்குப் பின்னால் ஒரு கீழ்க்கோடு. “அப்பா, இது சி-யே இல்ல. சி வேஷம் போட்ட ஃபோர்ட்ரான். வேஷம்கூடப் பாதிதான் போட்டிருக்கு” என்றாள். அதில் எனக்கு ஒரு திருப்தி. நான் எழுதியதில் ஒரு கிறுக்குத்தனத்தைக்கூட அது திருத்தவில்லை. இந்த வீட்டில் வேறு யாரும் எனக்கு அந்தச் சலுகை கொடுத்ததில்லை.

அதை இயங்கும் கோப்பாக இணைக்கும்போது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று திரை நிறையப் புகார்கள் வந்தன. எஃப்2சி-யின் சொந்த நூலகத்தையும் கூடவே இணைக்க வேண்டும், அதுவும் கட்டளையின் கடைசியில், சொன்ன வரிசைப்படி. புத்தகம், கையேடு, மகள் என்று எல்லா இடத்திலும் தேடினேன். கடைசியில் பார்த்தால், கருவி உண்டாக்கும் ஒவ்வொரு சி கோப்பின் தலையிலும் அந்தக் கட்டளை எழுத்து பிசகாமல் எழுதப்பட்டிருக்கிறது. மருந்து டப்பாவின் மேலேயே ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்டிருந்தும் குடித்துவிட்டு வைத்தியரைத் தேடுகிறவர் எங்கள் பரம்பரையில் ஒருவர் இருந்ததாகச் சொல்வார்கள். ரத்தம் பேசுகிறது.

ஓடியது! பழைய அச்சுப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் இருந்த 1985-ஆம் வருடத்துத் தேதிகளைக் கொடுத்துச் சோதித்தேன். திதிகள் பிசகாமல் வந்தன. அன்றைக்கே மச்சினனுக்கு ஃபோன் போட்டு, இனிமேல் நாட்காட்டியை நம்ப வேண்டாம், என்னைக் கேள் என்று சொல்லிவிட்டேன். அவன் நல்ல பிள்ளை. என்னை நம்புகிற ஒரே உறவுக்காரன். அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேண்டும், தேதி சொல்லுங்கள் மாமா என்றான். சொன்னேன்.

நிரலைத் தட்டச்சு செய்யும்போது ஒரு நாகரிகம் செய்திருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வரிகளை உள்ளே தள்ளித் தள்ளிப் படிக்கட்டாக எழுதுகிறார்களே, அதைப் பார்த்து நானும் தள்ளியிருந்தேன். தள்ளியதில், வகுக்கும் வரியின் வால் 72-ஆம் கட்டத்தைத் தாண்டிப்போயிற்று. 29.530588 என்று நான் அடித்திருந்தேன். கருவியின் கண்ணுக்கு எட்டியது 29.5 மட்டும். மாதத்துக்கு 44 நிமிட வித்தியாசம், அவ்வளவுதான். 1985-இன் தேதிகளில் அது வெளியே தெரியாது. 40 வருடத்தில் அது சேர்ந்து 15 நாள் ஆகும்.

இரவு மச்சினன் கிரிவலப் பாதையிலிருந்து கூப்பிட்டான். “மாமா, தெய்வமே! கூட்டமே இல்ல மாமா. பஸ்ல ஜன்னலோர சீட்டு. ரோடே எனக்குத்தான். இப்படி ஒரு பௌர்ணமிய என் ஜென்மத்துல பாத்ததில்ல.” கொஞ்சம் இடைவெளி விட்டு, “நிலா மட்டும் இன்னும் காணோம். மேகம் போல” என்றான். நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். மேகம் கிடையாது, நட்சத்திரங்கள் சும்மா ஜொலித்தன. கீழே சமையலறையிலிருந்து மனைவியின் குரல் நாட்காட்டியை ராகத்தோடு வாசித்தது: “சர்வ அமாவாசை!” பாவம், 14 கிலோமீட்டரையும் இருட்டில் நடந்து முடித்துவிட்டுத்தான் வந்தான்.

பொங்கல் விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து மகன் வந்தான். விஷயத்தை அவனிடம் சொல்வதற்கு வீட்டில் போட்டி இருந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விடுங்கப்பா, நான் பைதான்ல எழுதித் தரேன்” என்று, அம்மா முறுக்குத் தட்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எழுதிவிட்டான். 29.530588 முழுசாக இருந்தது. பிப்ரவரியில் வந்த தை அமாவாசையைச் சரியாகச் சொன்னது. மனைவி அதைத் தன் ஃபோனில் வைத்துக்கொண்டாள். நான் சில வாரங்கள் யாரோடும் கணினி பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் அவன் நிரல் சொன்ன அமாவாசையன்று வீட்டில் வெங்காயம் பூண்டு சேர்க்கவில்லை, வாழைக்காய்க் கறி. இரண்டு நாள் கழித்து நாட்காட்டியில் அமாவாசை. மறுபடி வெங்காயம் இல்லை, மறுபடி வாழைக்காய். நான் இலையைப் பார்த்தேன். மனைவியைப் பார்த்தேன். “புள்ளைக்கு அங்க ஆபீஸ்ல எவ்வளவு டென்ஷனோ” என்றாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தபோது வாழைக்காய்கூட இனித்தது. தேதியிலிருந்து நாள் எண்ணும் வரியை மகன் என் நிரலிலிருந்து அப்படியே எடுத்திருந்தான். நான் அதை என் சீனியரிடமிருந்து வாங்கினேன். அதன் மூலம், ஃப்லீகலும் வான் ஃப்ளாண்டர்னும் 1968-இல் ஏசிஎம் இதழில் வெளியிட்ட ஒரு சூத்திரம். மாத எண்ணிலிருந்து 14-ஐக் கழித்து 12-ஆல் வகுப்பது அதன் உயிர்நாடி. ஃபோர்ட்ரானில் முழு எண்களை வகுத்தால் பின்னம் பூஜ்யத்தை நோக்கி வெட்டுப்படும். ஜனவரி, பிப்ரவரிக்கு விடை கழித்தல் 1. மார்ச்சிலிருந்து டிசம்பர்வரை 0. இந்தத் தந்திரத்தாலேயே பிப்ரவரியின் கோணங்கித்தனம் எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. சி-யும் அப்படியே வெட்டும். 1999-இன் தரநிலை அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. பைதானின் இரட்டைச் சாய்கோடு கீழ்நோக்கி வெட்டுகிறது. அங்கே ஜனவரிக்குக் கழித்தல் 2, மற்ற பதினொரு மாதத்துக்கும் கழித்தல் 1. ஜனவரி பிசகும், பிப்ரவரியில் மட்டும் எல்லாம் சுகம். மார்ச் பிறந்ததும் நாள் எண்ணிக்கை இரண்டு கூடிவிடும், லீப் வருடமானால் ஒன்று. அந்த வரிக்கு மேலே 1985-இல் நான் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: ‘சீனியர் கொடுத்தது. ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. தொடாதே.’ எஃப்2சி அதையும் சி கோப்புக்குக் கொண்டுவந்திருந்தது, வரியையும் தொடவில்லை. மகனுக்கு ஃபோன் செய்து 1968-இலிருந்து ஆரம்பித்தேன். “சூப்பர்ப்பா, மீட்டிங் இருக்கு” என்று வைத்துவிட்டான். மனைவியிடம் ஆரம்பித்தேன். அவளுக்கும் ஏதோ மீட்டிங் இருந்தது.

இப்போது என் நிரல் சரியாக இருக்கிறது. வால் 72-க்குள் அடங்கியிருக்கிறது, கால் ஏழாம் கட்டத்தில் ஊன்றியிருக்கிறது. இருந்தும் நாட்காட்டிக்கும் அதற்கும் அவ்வப்போது சில மணி நேரம் ஒத்துப்போவதில்லை. நான் வகுப்பது சராசரி நிலாவை. மேலே போகிற நிலா நீள்வட்டத்தில், பூமிக்குப் பக்கம் வந்தால் வேகமாகவும் தள்ளிப்போனால் மெதுவாகவும் போகிறது. உண்மையான அமாவாசை அரை நாளுக்கு மேல்கூட முன்னே பின்னே விழும். பஞ்சாங்கக்காரர்கள் இதைப் பரம்பரையாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் திருத்தங்களையும் ஃபோர்ட்ரானில் எழுதி, மறுபடி மாற்றி, மறுபடி இணைத்தால் ஆயிற்று என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காய்கறிப் பை கைக்கு வந்துவிட்டது.

தெருமுனையில் மச்சினன் கூப்பிட்டான். நான் முந்திக்கொண்டு, எல்லாம் சரிசெய்தாகிவிட்டது, இனிமேல் என் பௌர்ணமியும் ஊர் பௌர்ணமியும் ஒன்றுதான், தைரியமாகப் போகலாம் என்றேன்.

“ஐயையோ, சரிபண்ணிட்டீங்களா?” என்றான். “பழைய புரோகிராம் வெச்சிருக்கீங்கல்ல மாமா? சித்திரையில குடும்பத்தோட போகணும். உங்க பௌர்ணமிதான் வேணும். ஊர் பௌர்ணமியில கால் வைக்க முடியல.”